பால் கேன் வழவழப்பும் ‘நல்ல பாக்டீரியா’ திரவமும்

வாழப்பாடி பக்கத்தில் எட்டு கறவை மாடு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: “நாற்பது லிட்டர் எவர்சில்வர் கேன். தினமும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, சோப்பு போட்டுத்தான் கழுவுகிறோம். ஆனாலும் உள்ளே ஒரு வழவழப்பு வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் இரண்டு தடவை சொசைட்டியில் பாலைத் திருப்பிவிட்டார்கள். இப்போது ஒருவர் ‘நல்ல பாக்டீரியா’ திரவம் கொண்டுவருகிறார். கேனுக்குள் தெளித்தால் கெட்ட கிருமியையும் படலத்தையும் அதுவே தின்றுவிடும், இயற்கையானது என்கிறார். பாக்டீரியாவே பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மையா? வாங்கலாமா அக்கா?”

பாக்டீரியா பாக்டீரியாவைக் கொல்வது உண்மைதான் தம்பி. ஆனால் அந்தத் திரவத்தை வாங்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும். சேலத்தில் இருபத்தெட்டு வருஷம் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் கேள்வியை இப்படி ஒரு மாட்டுக்காரர் கேட்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் அந்த வழவழப்பைப் பார்த்துவிடுவோம். கேனைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த பிறகு, கழுத்துக்கு உள்பக்கம், மூடி உட்காரும் விளிம்புக்குக் கீழே விரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ பசை மாதிரி நகத்தில் ஒட்டினால், அதுதான் பயோஃபிலிம், அதாவது நுண்ணுயிர்ப் படலம். காலையில் எழுந்ததும் நாக்கைப் பல்லில் ஓட்டினால் தட்டுப்படும் வழவழப்பும் இதே ஜாதிதான். கிளியூர் அருவிப் பாறையில் கால் வழுக்குகிறதே, அங்கே பாசியோடு சேர்ந்து இருப்பதும் இதுதான்.

பாக்டீரியா தனித்தனியாக மிதக்கும்போது அதைக் கொல்வது சுலபம். ஒரு பரப்பில் போய் ஒட்டி, கூட்டமாகி, தன்னைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்துவிட்டால் கதை வேறு. அந்தப் பசையில் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், செத்துப்போன கிருமிகளின் டி.என்.ஏ. எல்லாம் கலந்திருக்கும். உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்ல, மிதக்கும் கிருமிக்குத் தேவைப்படுவதைப் போல பத்து மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை மருந்து தேவைப்படலாம். மருந்து உள்ளே இறங்காதது ஒரு காரணம். இன்னொன்று, அடித்தட்டில் இருக்கும் செல்கள் பாதித் தூக்கத்தில் இருக்கும். பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வளர்ந்துகொண்டிருக்கும் செல்லைத்தான் தாக்கும். தூங்குகிறவன் தப்பித்து, மறுநாள் காலையில் நீங்கள் ஊற்றும் புதுப் பாலில் எழுந்துகொள்கிறான்.

சரி, பாக்டீரியா எதற்காக இன்னொரு பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும்? இடத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். ஒரு சிட்டிகை தோட்டத்து மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. அந்த நெருக்கடியில் பிழைக்க ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சரக்கை வைத்திருக்கிறது. கோடை மழையின் முதல் தூறலில் சேர்வராயன் மலை அடிவாரத்தில் எழும் மண்வாசனை இருக்கிறதே, அதைத் தருவது ஜியோஸ்மின் என்ற பொருள். அதை அதிகமாகச் சுரப்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாக் குடும்பம். அதே குடும்பத்திலிருந்துதான் 1943-ல் ஆல்பர்ட் ஷாட்ஸ், வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான். அதற்கும் நாலு வருஷம் முன்பே, 1939-ல், ரெனே டூபோ மண்ணிலிருந்து எடுத்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவின் சாற்றால் மற்ற கிருமிகளைக் கொல்ல முடியும் என்று காட்டிவிட்டார்.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது நிசின். தயிர், மோர், சீஸ் வகைகளில் வேலை செய்யும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா சுரப்பது. 34 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. ஒரு வகைப் பால் பாக்டீரியா இன்னொன்றை வளரவிடாமல் தடுப்பதை 1928-லேயே கவனித்திருந்தார்கள். 1947-ல் இங்கிலாந்தில் மேட்டிக், ஹிர்ஷ் இருவரும் அந்தப் பொருளுக்கு நிசின் என்று பெயர் வைத்தார்கள். எதிரி பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதற்குச் செங்கல் சுமந்து போகும் ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே சவ்வில் ஓட்டை போட்டுவிடும். சுவர் கட்டும் வேலையும் நின்றுபோகும், உள்ளே இருப்பதும் ஒழுகிவிடும். 1969-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு இதை உணவில் சேர்க்க ஏற்றுக்கொண்டது, 1988-ல் அமெரிக்காவும் அனுமதித்தது. ஆனால் எல்லாக் கிருமியிடமும் இது செல்லாது. கிராம் நெகட்டிவ் எனப்படும் வகைக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, தனியாகப் போகும் நிசின் அதைத் தாண்டாது. பாலைக் கெடுக்கும் சூடோமோனாஸ் அந்த வகைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

படலத்தைக் கலைப்பது கொல்வதிலிருந்து வேறான வேலை. அதற்கும் பாக்டீரியாவிடமே ஆயுதங்கள் உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது சர்ஃபாக்டின். 1968-ல் ஜப்பானில் கண்டுபிடித்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் இது கிட்டத்தட்ட சோப்பு மாதிரி, ஒரு பக்கம் எண்ணெயோடும் மறுபக்கம் தண்ணீரோடும் ஒட்டும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கொஞ்சம் சர்ஃபாக்டின் கலந்தால் அது 27-க்கு இறங்கிவிடும்.

இதை மாணவர்களுக்கு நான் காட்டும் விதம் எளிமையானது. பிளாஸ்டிக் மூடி ஒன்றில் எண்ணெயை மெல்லிசாகத் தடவி வைப்போம். அதன் மேல் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு. சேப்பங்கிழங்கு இலையில் மழைத்துளி உருளுமே, அப்படி முத்தாக நிற்கும். பக்கத்தில், பேசில்லஸ் இரண்டு நாள் வளர்ந்த திரவத்தைச் சுழற்றி, செல்களை எல்லாம் அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்த நீரில் ஒரு சொட்டு. விட்ட கணம் முத்தாக இருக்கும். அப்புறம் கண்ணெதிரே அது இடுப்பொடிந்த மாதிரி சரிந்து, தட்டையாகப் பரவும். அந்தத் துளியில் கிட்டத்தட்ட உயிரே இல்லை, பேசில்லஸ் சுரந்து வைத்த பொருள்தான் இருக்கிறது. முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் குனிந்த தலையை நிமிர்த்தவே மாட்டார்கள். படலம் போடப் பார்க்கும் கிருமிக்கும் இதுதான் நடக்கிறது, ஒட்டுவதற்கு இடம் கிடைக்காமல் வழுக்கிவிடும்.

இன்னும் சில வழிகளும் உண்டு. ஈறு நோயோடு தொடர்புடைய ஒரு வாய் பாக்டீரியா, டிஸ்பர்சின் பி என்ற நொதியைச் சுரந்து, ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி போன்றவற்றின் பசையைக் கத்தரிக்கும். 1964-ல் கண்டறிந்த லைசோஸ்டாஃபின், ஒரு ஸ்டஃபைலோகாக்கஸ் தன் பங்காளியான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் சுவரை உடைக்க வைத்திருப்பது. பேச்சைக் கெடுக்கும் வழியும் இருக்கிறது. படலம் போடும் பாக்டீரியாக்கள் பல, சின்னச் சின்ன வேதிச் சமிக்ஞைகளை வெளியே விட்டு, ‘நாம் போதுமான பேர் சேர்ந்துவிட்டோமா’ என்று பார்த்துக்கொள்ளும். அந்தச் சமிக்ஞையையே அறுக்கும் நொதி ஒன்றை 2000-ல் சிங்கப்பூரில் ஒரு மண் பேசில்லஸிடம் கண்டுபிடித்தார்கள். கொல்லாமலே கூட்டத்தைக் கூடவிடாமல் செய்யலாம்.

இதே முறை மனிதக் குடலிலும் நடக்கிறது. 2018-ல் வெளிவந்த ஆய்வு அது. தாய்லாந்து கிராமங்களில் 200 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். யார் குடலில் பேசில்லஸ் இருந்ததோ, அவர்களில் ஒருவரிடம்கூட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை. காரணம், பேசில்லஸ் சுரக்கும் ஃபெங்கிசின் என்ற கொழுப்புப் பெப்டைடு, அதாவது கொழுப்பு கோத்த சின்னப் புரதத் துண்டு. அது ஸ்டஃபைலோகாக்கஸின் பேச்சை அடைத்துவிடுகிறது, பேச முடியாமல் அது குடலில் காலூன்ற முடியவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவு சொல்கிறீர்கள், பிறகு ஏன் திரவம் வேண்டாம் என்கிறீர்கள் என்பீர்கள். அதற்கு மலைக்குப் போக வேண்டும்.

ஏற்காட்டில் என் பெரியப்பா மகன் அண்ணாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம், நடுவில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். ஒரு ஆவணி மழைக்குப் பிறகு கொடிகள் வரிசையாகக் கருகின. வேகமான வாடல் நோய், பைட்டோப்தோரா என்ற பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர் கிளப்புவது. அப்போது அண்ணா ஒரு கைப்பிடி வேர்மண் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார், நோய் வராத ஒரு கொடியின் அடியிலிருந்து எடுத்தது. “பக்கத்துக் கொடியெல்லாம் போச்சு, இது மட்டும் நிக்குது, என்னன்னு பாரும்மா” என்றார். மண்ணை நீர்த்துப்போகச் செய்து தட்டில் வளர்த்தோம். மூன்றாம் நாள் விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கில் தட்டைப் பிடித்தபோது அங்கங்கே புள்ளிகள் பச்சை மஞ்சளாக மின்மினி மாதிரி ஒளிர்ந்தன. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். அந்த ஒளி பயோவெர்டின் என்ற பொருளிலிருந்து வருவது. மண்ணில் இருக்கும் இரும்பைச் சுருட்டித் தன் பக்கம் இழுக்க இதைச் சுரக்கிறது, பக்கத்தில் இருக்கும் நோய்க்கிருமி இரும்பில்லாமல் தவிக்கும். இதன் சில ரகங்கள் பூஞ்சைக்கு ஆகாத வேறு பொருள்களையும் வைத்திருக்கும். அந்த ஒரு கொடி நின்றதற்கு இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், வடிகால் நன்றாக இருந்த மேடு அது. ஆனாலும் அண்ணா அன்றிலிருந்து நாற்றுப் பைகளில் சூடோமோனாஸ் கலக்காமல் நடுவதில்லை.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 என்ற சூடோமோனாஸ் ரகம் டால்க் பொடியில் கலந்து நம் கடைகளில் கிடைக்கிறது. விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம், மண்ணுக்கு ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து இடுவது வழக்கம். போர்டோ கலவை என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை அடித்த கையோடு இதை ஊற்றக் கூடாது, தாமிரம் இதையும் கொன்றுவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும். பொடியும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் உள்ளே உயிர் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது தம்பி. மிளகு வேரில் அண்ணா தேடித் தேடி ஊற்றும் அதே சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ்தான், குளிரூட்டிய பாலைக் கெடுப்பதில் முன்வரிசையில் நிற்கும் பாக்டீரியா. குளிரிலும் வளரும், எவர்சில்வரில் படலம் போடும், புரதத்தையும் கொழுப்பையும் அறுக்கும் நொதிகளைச் சுரக்கும். பாலைக் காய்ச்சினால் பாக்டீரியா செத்துவிடும். ஆனால் அந்த நொதிகளில் சில சூட்டையும் தாங்கி நின்று, காய்ச்சிய பாலையும் கசக்க வைக்கும். மண்ணில் தோழன், கேனில் திருடன். பெயரும் அதே, சாமானும் அதே, இடம்தான் வேறு.

பேசில்லஸும் அப்படித்தான். அந்த ஆள் விற்கும் திரவத்தில் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் இது வித்து போடும், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கிக் கிடக்கும், பாட்டிலில் வருஷக்கணக்கில் கெடாது. அந்த வித்து பால் கொதிப்பதையும் தாங்கும். பேசில்லஸ் குடும்பத்தில் சில, பால் புளிக்காமலே திரிந்துபோகச் செய்பவை. அப்புறம் இன்னொரு விஷயம், சர்ஃபாக்டினே பேசில்லஸுக்குத் தன் படலத்தைக் கட்டத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞையாகவும் வேலை செய்கிறது. அதாவது எதிரியின் படலத்தைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் தன் வீட்டைக் கட்டும். செடியின் வேரில் இது வரம், வேரைச் சுற்றி ஒரு காப்புறை கிடைத்த மாதிரி. பால் கேனில் உங்களுக்கு எந்த வீடும் வேண்டாம்.

ஆகவே என் கணக்கு இது. மண், தொழு உரம், உறைமோர், இட்லி மாவு, இங்கெல்லாம் உயிர் வேண்டும், பாக்டீரியாவை விட்டால் அதுவே தன் பொருளைச் சுரந்து காவல் காக்கும். பால் கேன், பல் டாக்டரின் கருவி, தண்ணீர்க் குழாய், இங்கெல்லாம் உயிர் வேண்டாம், அது சுரந்த பொருளை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்திவிட்டுக் கழுவிவிட வேண்டும். அப்படி ஒரு பொருளை நீங்கள் வீட்டிலேயே பயன்படுத்துகிறீர்கள். துணி துவைக்கும் பவுடரில் ‘என்சைம்’ என்று போட்டிருக்கிறதே, அது பெரும்பாலும் பேசில்லஸிடமிருந்து எடுத்த புரதம் அறுக்கும் நொதிதான். 1960-களிலிருந்து உலகம் முழுக்கத் துணி துவைக்கிறது. பால்பண்ணைக்கென்றே நொதி கலந்த கழுவும் பொருட்களும் வருகின்றன, அதில் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. துணிப் பவுடரையே கேனில் போட்டுவிடாதீர்கள், அதன் வாசனையும் சாயமும் பாலில் ஏறும்.

‘இயற்கையானது, கிருமிக்கு எதிர்ப்புச் சக்தியே வராது’ என்று அவர் சொல்லியிருந்தால், அது தவறு. கொலிஸ்டின் என்ற மருந்தும் ஒரு மண் பாக்டீரியா சுரப்பதுதான், மற்ற மருந்து எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்து வந்தார்கள். 2015-ல் சீனாவில் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு ஒன்று ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் கண்டுபிடித்தார்கள். 2019-ல் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. பக்கத்து நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்பதை வைத்து ஒரு மருந்தை நம்பக் கூடாது, அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கணக்கு.

இப்போது உங்கள் கேனுக்கு வருவோம். தவறு எடுத்தவுடனே ஊற்றும் கொதிதண்ணீரில் இருக்கிறது. பால் ஒட்டிய கேனில் நேராகக் கொதிநீர் பட்டால் புரதம் வெந்து எவர்சில்வரில் பிடித்துக்கொள்ளும், முட்டை வெந்து வாணலியில் ஒட்டுகிற மாதிரி. அதன் மேல் நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் கால்சியம் சேர்ந்தால் கல் மாதிரி ஒரு படிவு. அந்தப் படிவின் சொரசொரப்பில்தான் கிருமி குடியேறுகிறது. ஆகவே பாலை ஊற்றி முடித்ததும், காயவிடாமல், பச்சைத் தண்ணீரோ வெதுவெதுப்பான தண்ணீரோ விட்டு அலசுங்கள். அதற்குப் பிறகுதான் 60, 70 டிகிரிச் சூட்டில் சலவை சோடா கரைத்த தண்ணீர், நைலான் பிரஷ். கம்பி நார் வேண்டவே வேண்டாம், அது போடும் ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு பள்ளத்தாக்கு. அலுமினியக் கேனாக இருந்தால் சலவை சோடா அதை அரிக்கும், உங்களுடையது எவர்சில்வர் என்பதால் பயமில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, பால்பண்ணைக்கென்று விற்கும் அமிலக் கழுவியால் அந்தக் கல்படிவைக் கரைத்துவிடுங்கள்.

கடைசியில் குளோரின். 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போட்டால் 200 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு வரும், அது போதும். அழுக்கு மிச்சம் இருக்கும் கேனில் குளோரினைக் கொட்டுவது வீண், படலம் அதைக் குடித்துத் தீர்த்துவிடும். தேய்த்துக் கழுவிய பிறகுதான் அதற்கு வேலை. அமிலக் கழுவியையும் குளோரினையும் ஒரே நேரத்தில் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். நடுவில் நன்றாக அலச வேண்டும். பிறகு கேனையும் மூடியையும் தனித்தனியாகக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த கேன்தான் ராத்திரியெல்லாம் படலம் வளர்க்கும் தொட்டில். அந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பால் கெடுவது கேனால்தானா, மடியிலிருந்தேவா? மடிநோய் உள்ள மாட்டின் பால் எவ்வளவு சுத்தமான கேனிலும் கெடும், அங்கேயும் ஸ்டஃபைலோகாக்கஸ் மடிக்குள்ளேயே படலம் போட்டு உட்கார்ந்திருக்கலாம். நிசினை வைத்துக் காம்பு துடைக்கும் மருந்து 1990-களில் அமெரிக்காவில் வந்தது. பாக்டீரியாவின் பொருள் ஒன்று உங்கள் தொழுவத்துக்குள் வரத் தகுதியான இடம் அதுவாகத்தான் இருக்கும். பாலுக்குள் எதையும் கலக்கக் கூடாது, சொசைட்டிப் பாலில் அது கலப்படம்.

கேனா மடியா என்று தெரிய ஒரு சோதனை போதும். கறந்த பாலில் கொஞ்சத்தைக் கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி பாட்டிலில் நேராகப் பிடியுங்கள், மீதியைக் கேனில் ஊற்றி அதிலிருந்து ஒரு மாதிரி எடுங்கள். சொசைட்டி ஆய்வகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ மெத்திலின் நீலச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். 10 மில்லி பாலில் 1 மில்லி நீலச் சாயம் விட்டு, 37 டிகிரியில் வைத்துப் பார்ப்பது. கிருமி அதிகம் என்றால் நீலம் அரை மணிக்குள் வெளுத்துவிடும், நல்ல பால் ஐந்து மணி நேரம்கூட நிற்கும். பாட்டில் பாலில் நீலம் நின்று, கேன் பாலில் சீக்கிரம் வெளுத்தால் மேலே சொன்ன கழுவும் முறையைப் பதினைந்து நாள் விடாமல் செய்யுங்கள். இரண்டிலும் சேர்ந்தே வெளுத்தால் கேனை விட்டுவிட்டு மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரண்டு குழாயிலும் நீலம் போன நேரத்தைக் குறித்து எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்தது சொல்கிறேன்.